எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பாடு இறங்கவில்லையா?

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் முதல் சில வாரங்களில் அடிக்கடி சொல்வது, ‘சாப்பிடவே முடியல’ என்பதுதான். ‘ஆபரேஷன் பண்ணினதே அதுக்குத்தானே’ என்று வீட்டில் ஒருவர் சமாதானம் சொல்வார். ‘இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கோ, உடம்புல தெம்பு வேணாமா’ என்று இன்னொருவர் தட்டோடு வந்து நிற்பார். இரண்டையும் அப்படியே கேட்டு நடப்பது ஆபத்து. பசி எடுக்கவில்லையா, விழுங்கியது இறங்கவில்லையா, இறங்கியது தங்கவில்லையா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்றுக்கும் காரணம் வேறு. செய்ய வேண்டியதும் வேறு.

உள்ளே என்ன மாறியிருக்கிறது?

‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுக்கப்படுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். ‘பைபாஸ்’ முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சிறு பையைப் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். தையல் போட்ட இடத்தில் தொடக்கத்தில் வீக்கமும் இருக்கும். அது வற்ற வற்ற உணவு எளிதாக இறங்கும். மூன்றாவது வாரத்தில் ஒத்துக்கொள்ளாத உணவு மூன்றாவது மாதத்தில் ஒத்துக்கொள்வது சகஜம்.

பசி எடுக்கவில்லை

பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவ் சிகிச்சையில் அந்தப் பகுதியே போய்விடுவதால், வேளை தவறினாலும் வயிறு கேட்பதில்லை. சிலருக்கு நாக்கும் மூக்கும்கூட மாறிவிடும்: இனிப்பு திகட்டும், தாளிக்கும் வாசனையே குமட்டும். இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பசிக்கவில்லை என்று வேளைகளைத் தள்ளிவிடக் கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதமும் சுமார் ஒன்றரை லிட்டர் நீராகாரமும் தேவை. புரதம் குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், சோர்வு வரும், முடி கொட்டுவதும் அதிகமாகும்.

எனவே பசியை எதிர்பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது; 200 மில்லி பாலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஓர் இட்லியில் 2 கிராம் அளவே தேறும். இரண்டு இட்லியில் வயிறு நிறைந்துவிடும், புரதக் கணக்கு நிறையாது. அதனால்தான் தொடக்க மாதங்களில் புரோட்டீன் பவுடர் எழுதித் தருகிறார்கள். தண்ணீரும் இப்படித்தான். மடமடவென்று ஒரு டம்ளரைக் காலி செய்ய இனி முடியாது. விழித்திருக்கும் 15 மணி நேரமும் மணிக்கு 100 மில்லி வீதம் உறிஞ்சினால்தான் ஒன்றரை லிட்டர் சேரும். பாட்டில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

விழுங்கியது இறங்கவில்லை

குழைந்த பருப்புச் சாதத்தில் இரண்டு சின்னக் கரண்டி நன்றாகத்தான் போகும். மூன்றாவது கரண்டியில் நெஞ்சுக்கு நடுவே எதுவோ அடைத்து நிற்கும். வாயில் எச்சில் ஊறிக்கொண்டே வரும். நுரை நுரையாகத் துப்ப வேண்டியிருக்கும். சிலருக்கு இதற்குச் சற்று முன்பே விக்கலோ தும்மலோ வரும், மூக்கு ஒழுகும். ‘போதும்’ என்று வயிறு கொடுக்கும் சமிக்ஞை அது. அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம்.

அடைத்துவிட்டால் தண்ணீர் குடித்துத் தள்ளிவிடுவது நம் பழக்கம். இங்கே அது உதவாது. தண்ணீரும் சேர்ந்து மேலே வரும். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எழுந்து மெல்ல நடந்தால், பெரும்பாலும் சற்று நேரத்தில் தானே இறங்கும், அல்லது வாந்தியாக வெளியேறும். அன்றைக்கு மீதி நேரம் நீராகாரமே போதும்.

அவசரம், பெரிய கவளம், சரியாக மெல்லாதது, உலர்ந்த உணவு ஆகியவையே வழக்கமான காரணங்கள். சப்பாத்தி, பரோட்டா, பிரெட், உதிரியாக வடித்த சோறு, ஈரமில்லாத சிக்கன், ஆட்டுக்கறி, வாழைத்தண்டின் நார் எல்லாம் அதிகம் அடைப்பவை. சின்னக் கரண்டியால் எடுத்து, கூழாகும்வரை மென்று, ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம்; முடித்து அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

நேற்றுவரை இறங்கிய உணவு இன்று அடைத்து, போகப் போகக் கஞ்சியும் தண்ணீருமே இறங்காவிட்டால் காரணம் வேறு. பைபாஸில் இணைப்பு வாய் சுருங்கியிருக்கலாம். ஸ்லீவிலும் குழாய் குறுகவோ மடங்கவோ கூடும். பலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகப் பலூன் வைத்து விரித்தாலே சரியாகிவிடும்.

இறங்கியது தங்கவில்லை

பாயசம், ஜிலேபி, பழச்சாறு போன்றவை பைபாஸ் செய்தவர்களுக்கு ‘டம்பிங்’ என்ற தொல்லையைக் கொண்டுவரலாம். சர்க்கரை வேகமாகச் சிறுகுடலுக்குள் கொட்டுவதால் அரை மணி நேரத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரும். ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்து, கை நடுங்கிக் கிறுகிறுப்பதும் உண்டு. சாப்பாடு குறைந்துவிட்டதால் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகளின் அளவையும் மருத்துவர் மாற்றித்தர வேண்டும். பழைய சீட்டைப் பார்த்துப் போட்டுக்கொள்ளக் கூடாது.

வாந்தி நாள்கணக்கில் நீடிப்பது இதைவிடப் பெரிய விஷயம். தயமின் எனப்படும் வைட்டமின் பி1, உடலில் இரண்டு மூன்று வார இருப்புதான். அது தீர்ந்தால் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். கவனிக்காமல் விட்டால் மூளையில் நிரந்தரப் பாதிப்பே ஏற்படலாம். ‘தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்’ என்று பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போவது இங்கேதான் வினையாகிறது. தயமின் இல்லாத உடலில் குளுக்கோஸ் ஏறினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலை மோசமாகும். முதலில் தயமின் ஊசி, அதன் பிறகே குளுக்கோஸ். எங்கே போனாலும் என்ன அறுவை சிகிச்சை, எப்போது நடந்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

நம் சமையலில் படிப்படியாக

உங்கள் மருத்துவமனை தந்த அட்டவணையே முதன்மை. பொதுவான வரிசை இது:

- முதல் ஓரிரு நாள்: தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப் போன்ற தெளிந்த திரவங்கள்.
- இரண்டு வாரம் வரை: நீர்மோர், கொழுப்பு நீக்கிய பால், பருப்புத் தண்ணீர், புரோட்டீன் பானம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மோர் ஒத்துக்கொள்ளலாம்.
- மூன்று, நான்காம் வாரம்: மிக்ஸியில் அரைத்த பருப்பு, காய்கறி, முட்டை, கெட்டித் தயிர்.
- ஐந்து, ஆறாம் வாரம்: வேகவைத்த மீன், மசித்த பனீர், சாம்பாரில் ஊறிய இட்லி.
- அதன் பிறகு: ஒவ்வொன்றாக வழக்கமான உணவு.

தட்டில் முதலில் புரதம், அடுத்து காய், கடைசியில் இடமிருந்தால் சோறு. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தொடர வேண்டும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் புகைபிடிப்பதும் உள்ளே புண் உண்டாக்கும், குறிப்பாக பைபாஸில்.

காத்திருக்கக் கூடாதவை

- ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தங்காமல் போவது. சிறுநீர் குறைந்து கறுத்துப் போவது.
- காய்ச்சல், கடும் வயிற்றுவலி, இடது தோள்பட்டை வலி, சும்மா இருக்கும்போதே 120-ஐத் தாண்டும் நாடித்துடிப்பு, மூச்சுத்திணறல். தையலில் கசிவு இருக்கலாம்.
- ரத்த வாந்தி, கறுப்பு மலம்.
- இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், குழப்பம்.

வீட்டார் செய்யக்கூடியது

தட்டில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்ற வழக்கத்தை இந்த வீட்டில் சில மாதங்களுக்கு ஒத்திவைக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரின் வேகத்துக்கு, அறுவை சிகிச்சை செய்துகொண்டவரால் சாப்பிட முடியாது. வற்புறுத்துபவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எது எவ்வளவு உள்ளே போனது, எது அடைத்தது, எது எத்தனை நிமிடத்தில் வெளியே வந்தது என்று தினமும் நான்கு வரி எழுதிவைத்து, மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் காட்டுங்கள். ‘சாப்பிட முடியல’ என்பதைவிட அந்தக் குறிப்பு அவர்களுக்கு அதிகம் சொல்லும். நிலைமை நாளுக்கு நாள் மோசமாகிறது என்று அது காட்டினால், அடுத்த பரிசோதனைத் தேதி வரட்டும் என்று இருக்காமல் அன்றே கிளம்புங்கள்.