கறுப்புக் கோட்டைக் கழற்றிய வக்கீல்
(ராஜாஜியின் பொதுவாழ்வு பற்றிச் சில சிந்தனைகள்)

சென்ற பொங்கலையொட்டி மர்பி டவுனில் நம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். நடுவர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு பெண் குழந்தை ராஜாஜியை 'மூதறிஞர்' என்று புகழ்ந்து மிக அழகாகப் பேசியது. அடுத்து வந்த பையன் அதே ராஜாஜியைக் 'குலக்கல்வி கொண்டுவந்தவர்' என்று ஒரு பிடி பிடித்தான். கீழே உட்கார்ந்திருந்த பெற்றோர்களுக்குள்ளேயே வாக்குவாதம் கிளம்பிவிட்டது. நான் முதல் பரிசை இருவருக்கும் பிரித்துக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும், இந்த ஆண்டுதான் சட்டப் படிப்பில் சேர்ந்திருக்கும் என் பேத்தி கேட்டாள்: "என்ன தாத்தா, தீர்ப்பே சொல்லாம எழுந்து வந்துட்டீங்க?" அவளுக்குச் சொல்லவேண்டிய பதில்தான் இக்கட்டுரை. நான் பேராசிரியன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துச் சமண நயினார் குடும்பத்தில் பிறந்து, இங்கே அரிசி வியாபாரம் செய்து, ஒழிந்த நேரத்தில் படித்தவன். குற்றம் இருந்தால் பெரியோர்கள் பொறுத்தருள்க.

பெங்களூரில் படித்த பிள்ளை

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி 1878 டிசம்பர் 10ஆம் நாள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அது அன்று சேலம் மாவட்டம். தந்தையார் அவ்வூர் முனிசீப். ஓசூரில் பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவர் வந்து சேர்ந்த இடம் நம் பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். அங்கே ஆங்கிலம் கற்பித்த ஸ்காட்லாந்துக்காரரான டெய்ட் துரையிடம் அவர் பாடம் கேட்டார். மைசூர் பாங்க் சர்க்கிள் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தப் பழைய கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல் இளம்வயதில் நடந்த படிகள் அவை.

பின்னர் சென்னையில் சட்டம் பயின்று, 1900இல் சேலத்தில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். தொழில் நன்றாகவே நடந்தது. 1917இல் சேலம் நகரசபைத் தலைவரானார். 1918இல் மதுரைப் பேச்சுக்காக டாக்டர் வரதராஜுலு நாயுடுமீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடினார். 1919இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அந்த ஆண்டு மார்ச்சில் காந்தியடிகள் தங்கியது கதீட்ரல் சாலையில் இவர் குடியிருந்த வீட்டில்தான். நாடெங்கும் கடையடைப்பு என்ற எண்ணம் அங்கேதான் அரைத் தூக்கத்தில் தமக்குத் தோன்றியதாக அடிகளே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1920இல் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. வெள்ளையர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை என்று, இருபது ஆண்டு வளர்த்த தொழிலை விட்டுவிட்டார். நன்றாக ஓடுகிற கடையை இழுத்து மூடிவிட்டு வருவது எப்படிப்பட்டது என்பது நம்மைப்போன்ற வியாபாரிகளுக்குத்தான் தெரியும்.

கோட்டு இல்லாமல் ஒரு வழக்கு

ராஜாஜியைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய செய்தி ஒன்று உண்டு. அவர் திருச்செங்கோட்டுப் பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கிய 1925ஆம் ஆண்டுவாக்கில், திருப்பதியை அடுத்த திருச்சானூர்க் கோயிலுக்குள் சென்று கும்பிட்ட தாழ்த்தப்பட்ட பக்தர் ஒருவருக்குத் தண்டனை விதித்தார்கள். கோயிலைத் தீட்டுப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீடு சித்தூர் கோர்ட்டுக்கு வந்தது.

கோர்ட்டுக்குப் போவதில்லை என்பது ராஜாஜியின் விரதம். ஆனால் கும்பிட்டதற்காக ஒரு மனிதன் தண்டனை அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதா? வக்காலத்து இல்லாமல், தொழில்முறை வக்கீலாக அல்லாமல், போய் நின்று வாதாட அனுமதி பெற்றார். மதத்தை அவமதிக்கும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கவில்லை என்ற சட்ட நுணுக்கத்தில் அந்த மனிதர் விடுதலையானார். நியாயம் என்று பட்டால் தாம் போட்ட கோட்டையே தாண்டுவார். தாண்டியபின் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுப்பார்.

ஆட்சியில் அமர்ந்த வக்கீல்

1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக நடைப்பயணத்தை நடத்திச் சிறை சென்றவர், 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1939இல் எங்கள் வடஆர்க்காடு மாவட்டத்துக்கும் வந்தது. கள், சாராய வருமானம் நின்றதும் கஜானாவில் துண்டு விழுந்தது. அதை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியாவில் அதுதான் முதல் பொது விற்பனை வரி. விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவுதான். இருந்தாலும் எங்க தாத்தா கடைசிவரை முணுமுணுப்பார்: "குடிக்கிறவன் குடியை நிறுத்தினாரு, சரி. குடிக்காத என்னை ஏன்யா கணக்கு எழுதச் சொன்னாரு?" பாட்டியோ உடனே, "ஊர்ப் பொம்பளைங்க தாலி வீட்டிலே தங்குச்சே, அதுக்கு நீங்க கொடுத்தது கம்மி" என்பார். ஒரே சட்டம், ஒரே திண்ணை, இரண்டு தீர்ப்பு.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். எதிர்த்து மறியல் செய்தவர்கள்மீது, காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளைக்கார அரசு பயன்படுத்திய அதே குற்றவியல் திருத்தச் சட்டத்தை ஏவினார். பெரியார் சிறை சென்றார். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தார்கள். சித்தூரில் எளியவனுக்குக் கேடயமாக இருந்த சட்ட அறிவு இங்கே வாளாகிவிட்டது. இதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது.

தனித்து நின்ற வாதங்கள்

1942இல் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தை எதிர்த்துக் காங்கிரசைவிட்டு விலகினார். முஸ்லிம் லீக்குடன் பேசித்தான் ஆகவேண்டும் என்று ஓர் ஒப்பந்த வரைவைத் தயாரித்தார். 1944இல் வெளியான 'ராஜாஜி திட்டம்' அது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள அடுத்தடுத்த மாவட்டங்களில் மக்கள் வாக்கெடுப்பு நடத்துவது அதன் சாரம். காந்தியும் ஜின்னாவும் அதன்மேல் பேசினார்கள், பலிக்கவில்லை. சொந்தக் கட்சிக்காரர்களே அவரை ஏசினார்கள். 1947இல் பிரிவினை வந்தேவிட்டது.

1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை கவர்னர் ஜெனரல், பிறகு மத்திய உள்துறை அமைச்சர் எனப் பெரிய பதவிகளை வகித்தார். 1952 தேர்தலில் சென்னையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டாதபோது, தேர்தலில் நிற்காமலே மேலவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். வந்த சில வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பெரிய துணிச்சல். அரிசிக்காரனாகிய நான் அதை மெச்சாமல் இருக்க முடியாது.

அதே துணிச்சல் அடுத்த ஆண்டு அவரைக் கவிழ்த்தது. 1953இல் நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் படிப்பு, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்று திட்டம் வந்தது. இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டு கூடுதல் பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம் என்பது அவர் வாதம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால், 'அப்பன் தொழிலிலிருந்து என் பிள்ளை தப்பவேண்டும்' என்றுதானே ஏழை பள்ளிக்கு அனுப்புகிறான்? சட்டசபையில் முன்கூட்டி விவாதிக்காமல், யாருடைய பிள்ளைகளோ அவர்களைக் கேட்காமல் கொண்டுவந்த திட்டம் அது. எதிர்ப்பு மூண்டது. 1954இல் பதவி விலகினார். பின்வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

எண்பதிலும் ஓயாதவர்

1959இல் எண்பது வயதில் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று அவர் சாடியது நாடெங்கும் பரவிய சொல்லாயிற்று. 1967இல் அக்கட்சி மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. 1962இல், கர்நாடகத்து ஆர்.ஆர். திவாகருடன் அமெரிக்கா சென்று, அணுகுண்டுச் சோதனையை நிறுத்தும்படி கென்னடியிடம் நேரில் வாதாடினார். ஒருகாலத்தில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பின்னாளில் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்த்து, 1967இல் தி.மு.க.வோடு கூட்டுச் சேர்ந்தார். 1971இல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறு தாண்டிய நிலையில் கலைஞரின் வீடு தேடிச் சென்று வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அந்த வழக்கிலும் தோற்றார். 1972 டிசம்பர் 25இல் மறைந்தார்.

என் தீர்ப்பு

கறுப்புக் கோட்டை 1920இல் கழற்றினாரே தவிர, உள்ளிருந்த வக்கீல் கடைசிவரை கூடவே இருந்தார். கோர்ட்டிலே ஒரு ஜட்ஜை ஒப்புக்கொள்ளவைத்தால் போதும், கட்சிக்காரர் வெற்றி பெறுவார். பொதுவாழ்விலே ஜட்ஜ்கள் கோடிக்கணக்கானவர்கள். அவர்கள் வாதத்தை மட்டும் எடைபோடுவதில்லை, 'என்னைக் கேட்டாயா?' என்றும் பார்க்கிறார்கள். ராஜாஜியின் பெருமை, கூட்டத்துக்குப் பயந்து வாதத்தை மாற்றாதது. அவருடைய குறை, அந்தக் கூட்டத்தின் வலியையும் ஒரு சாட்சியமாகக் கொள்ளாதது. இரண்டும் ஒரே குணத்தின் இரு பக்கங்கள்.

எங்கள் சமணத்தில் அநேகாந்தம் என்பார்கள். ஒரு பொருளை ஒரு கோணத்தில் பார்த்துவிட்டு முழுவதும் கண்டதாகச் சொல்லாதே என்பது அதன் கருத்து. சொந்த மண்ணைவிட்டு வந்த நம் வீடுகளில் பிள்ளைகள் தமிழக வரலாற்றைச் செவிவழியாகத்தான் அறிகிறார்கள். அப்பா எந்தக் கட்சியோ அதுவே வரலாறு என்றாகிவிடுகிறது.

ஆகவே சங்கப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பொங்கலுக்குப் பேச்சுப் போட்டி வைத்தால், ஒவ்வொரு பிள்ளையும் முதல் மூன்று நிமிடம் தலைவருக்கு ஆதரவாகவும் அடுத்த மூன்று நிமிடம் எதிராகவும் பேசட்டும். இதை என் பேத்தியிடம் சொன்னேன். "அப்படின்னா அந்த ரெண்டு பேருக்கும் பாதிப் பரிசு கொடுத்தது சரிதான் தாத்தா, ரெண்டும் பாதி வாதந்தானே" என்றாள்.

நடுவருக்கே தீர்ப்பு கிடைத்துவிட்டது.