பி2138: பெடலைக் கழற்றுவதற்கு முன்

மேம்பாலத்தில் ஏறும்போது கார் திடீரென்று சோர்ந்துபோகிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடவில்லை. டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரிகிறது. ஓரங்கட்டி, அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் எதுவுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகினால் பி2138 என்ற பிழைக் குறியீடு வருகிறது. "பெடல் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்ற பேச்சு அடுத்த நிமிடமே எழும். அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

முன்பு ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வை இழுத்துத் திறந்தது. 1980களின் பிற்பகுதியில் பிஎம்டபிள்யூ தன் 12 சிலிண்டர் கார்களில் அந்த வேலையை மின் வயரிடம் ஒப்படைத்தது. இன்று சாதாரண கார்களிலும் இதே ஏற்பாடுதான். கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பெடலிலுள்ள சென்சார் வோல்டேஜாகச் சொல்கிறது. வால்வைத் திறப்பது கம்ப்யூட்டரின் பொறுப்பு.

அந்தச் சென்சார் பொய் சொன்னால்? கால் எடுத்த பிறகும் வண்டி பாயலாம். அதனால்தான் ஒரே பெடலுக்குள் இரண்டு சென்சார்களை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியாக 5 வோல்ட், எர்த், சிக்னல் என மூன்று வயர். கனெக்டரில் மொத்தம் ஆறு பின். பல கார்களில் முதல் சென்சாரின் வோல்டேஜ் இரண்டாவதைப் போல் இரு மடங்கு. கால் படாதபோது ஏறத்தாழ 0.8, 0.4, முழுதாக மிதித்தால் 4, 2 என்று போகும். இந்த விகிதம் குலைந்தால் எது பொய் என்று கம்ப்யூட்டருக்கு எப்போதும் தெரிவதில்லை. தெரியாத நிலையில் அது இன்ஜினின் சக்தியைக் குறைத்துவிடுகிறது. மேம்பாலத்தில் நம்மை எரிச்சலூட்டிய அந்தச் சோர்வு, உயிரைக் காக்க யோசித்துச் செய்த ஏற்பாடு. கார் பொறியியலில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனைகளில் இதுவும் ஒன்று.

பி2122, பி2123 என்றால் முதல் சிக்னல் மிகக் குறைவு அல்லது மிக அதிகம். பி2127, பி2128 இரண்டாவதற்கு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதே பி2138. எந்தப் பாகம் கெட்டது என்று இவற்றில் எதுவும் சொல்வதில்லை. வயர், பின், எர்த், சென்சார் எல்லாம் சேர்ந்த சர்க்யூட்டைத்தான் அவை காட்டுகின்றன.

ஆகவே முதல் வேலை, ஸ்கேனரில் இரண்டு வோல்டேஜையும் திரையில் ஓடவிட்டுப் பெடலை மிக மெதுவாக அழுத்துவது. இரண்டும் வழுக்கிக்கொண்டு ஏற வேண்டும். ஒரே இடத்தில் ஒன்று மட்டும் தடுக்கி விழுந்தால், உள்ளே உரசும் தடம் தேய்ந்திருக்கிறது; அப்போது பெடலை மாற்றுவது நியாயம். காந்தத்தால் இயங்கும் உரசாத வகைச் சென்சாரில் இந்தத் தேய்மானம் கிடையாது.

சீராக ஏறினால், பெடலைத் தொடாமல் வயரை அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் கோளாறு வயரிங்கில். கால் வைக்கும் பகுதியில் மழைநீரோ, ஏசி வடிகுழாய் அடைத்துக் கசிந்த நீரோ புகுந்தால் பின்களில் பச்சையாகப் பூத்துவிடும். எலி கடித்த வயரையும் மறந்துவிடக் கூடாது. ஒரு சென்சாரின் எர்த் துருப்பிடித்தால் அதன் வோல்டேஜ் மட்டும் உயரும். புதுப் பெடல் போட்டாலும் அதே குறியீடு திரும்பி வரும்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. சில கார்களில் அந்த 5 வோல்ட் வேறு சென்சார்களுக்கும் பொது. இன்ஜின் பக்கத்தில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆனால் பழி பெடல்மேல் விழும். மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினால், எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி.

சரிசெய்த பின் குறியீட்டை அழித்துவிட்டு, அதே மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். பக்கத்தில் அமர்ந்தவர் ஸ்கேனரில் அந்த இரண்டு எண்களையும் கவனித்தபடி வரட்டும்.