திறவாத விளையாட்டும் இரண்டு வரைகலைச் சில்லுகளும்

மைன்கிராஃப்ட் போன்ற ஒரு கணினி விளையாட்டைத் தொடங்கியவுடன் திரை ஒரு கணம் கறுத்து, பின்னர் பழைய நிலைக்கே திரும்பிவிடுவது உண்டு. சில வேளைகளில் ஒரு பிழைச்செய்தி தோன்றும். பல வேளைகளில் அதுவும் தோன்றாது. உடனே கணினியின் ஆற்றல் போதாது என்று சிலர் முடிவு கட்டுவர். வேறு சிலர் இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவ முற்படுவர். ஒரே மடிக்கணினியைக் குடும்பம் முழுவதும் பயன்படுத்தும் வீடுகளில் இது பேரிழப்பில் முடியக்கூடும். பொதுத்தேர்வுக்கான செயல்திட்ட அறிக்கையும் பல்லாண்டுப் புகைப்படங்களும் அதே வட்டில்தான் இருக்கும். ஆனால் இரண்டு வரைகலைச் சில்லுகள் கொண்ட மடிக்கணினிகளில் பழுது என்று எதுவுமே இல்லாதிருக்கலாம். விளையாட்டு தவறான சில்லிடம் அனுப்பப்பட்டிருப்பதே காரணமாக இருக்கலாம்.

கணினித் திரையில் தோன்றும் படங்களைக் கணக்கிட்டு வரையும் பகுதியே வரைகலைச் சில்லு எனப்படும். பெரும்பாலான மடிக்கணினிகளில் இது மையச் செயலகத்தின் உள்ளேயே ஒருங்கிணைந்திருக்கும். இதற்கெனத் தனி நினைவகம் கிடையாது. கணினியின் பொது நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். கட்டுரை எழுதவும் காணொளி பார்க்கவும் இதுவே போதும். விலை கூடிய மடிக்கணினிகளில் என்வீடியா அல்லது ஏஎம்டி நிறுவனத்தின் தனிச் சில்லு ஒன்றும் இருக்கும். அதற்குச் சொந்த நினைவகம் உண்டு, ஆற்றலும் மிகுதி, மின்சாரப் பசியும் மிகுதி. இண்டெல் நிறுவனத்தின் யு வரிசை மையச் செயலகங்கள் பல 15 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டவை. ஆர்டிஎக்ஸ் 3050 என்னும் தனிச் சில்லின் மடிக்கணினி வகையோ 35 முதல் 80 வாட் வரை கேட்கும். 50 வாட்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் 15 வாட் செலவில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். 80 வாட் செலவில் நாற்பது நிமிடங்கூடத் தாங்காது.

ஆகவே தனிச் சில்லை எப்போதும் விழித்திருக்கச் செய்வது வீண். தொடக்க காலத்தில் வந்த சில மடிக்கணினிகளில் பயனரே ஒரு விசையைத் தள்ளிச் சில்லை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. 2010-ஆம் ஆண்டில் என்வீடியா நிறுவனம் ஆப்டிமஸ் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் திரையோடு நேரடித் தொடர்பு ஒருங்கிணைந்த சில்லுக்கே உண்டு. கடினமான பணி வரும்போது தனிச் சில்லு விழித்தெழுந்து படத்தை வரையும். வரைந்த படம் ஒருங்கிணைந்த சில்லின் நினைவகப் பகுதிக்கு நகலெடுக்கப்பட்டு, அதன் வழியாகவே திரையை அடையும். எந்தப் பணி கடினமானது என்பதை இயக்கி மென்பொருளும் இயங்குதளமும் நிரலின் பெயரைப் பார்த்துத் தீர்மானிக்கின்றன. சிக்கல் பெரும்பாலும் இந்தத் தீர்மானத்தில்தான் தோன்றுகிறது.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாணவர் சொடுக்குவது லாஞ்சர் என்னும் தொடக்க நிரலை. அது பயனரின் பெயரைச் சரிபார்த்து, விளையாட்டின் கோப்புகளைத் திரட்டிக் கொடுப்பதோடு சரி. உண்மையில் விளையாட்டை இயக்குவது ஜாவாடபிள்யூ என்னும் வேறொரு நிரல். லாஞ்சருக்குத் தனிச் சில்லை ஒதுக்கிவிட்டு, மாற்றம் எதுவும் இல்லையே என்று மயங்குவோர் பலர். ஒதுக்க வேண்டியது ஜாவாடபிள்யூவுக்கே. இதிலும் ஒரு நுட்பம் உண்டு. விளையாட்டின் 1.17 பதிப்புக்கு ஜாவா 16, 1.18 பதிப்புக்கு ஜாவா 17, 1.20.5 முதல் ஜாவா 21 என்று தேவை மாறிக்கொண்டே வந்துள்ளது. லாஞ்சர் ஒவ்வொன்றையும் ரன்டைம் என்னும் கோப்புறையில் தனித்தனியே வைத்திருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு என்பதால், பழைய ஜாவாவுக்குச் செய்த ஒதுக்கீடு புதியதற்குச் செல்லாது. நேற்று வரை ஓடிய விளையாட்டு, பதிப்பு மாறியவுடன் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தவறான சில்லிடம் சென்றால் விளையாட்டு மெதுவாகத்தானே ஓட வேண்டும், ஏன் திறக்கவே மறுக்கிறது என்ற வினா எழலாம். விடை, ஓப்பன்ஜிஎல் என்னும் வரைகலை மொழியில் உள்ளது. மைன்கிராஃப்ட் 1.17 முதல் ஓப்பன்ஜிஎல் 3.2 தேவை. 2011-ஆம் ஆண்டளவில் வந்த இண்டெல் எச்டி 3000 என்னும் ஒருங்கிணைந்த சில்லு 3.1 வரையே அறியும். மூத்தோர் பயன்படுத்திவிட்டுத் தந்த அக்காலத்து மடிக்கணினியில், உடனிருக்கும் தனிச் சில்லு அந்த மொழியை நன்கு அறிந்திருக்கலாம். எனினும் விளையாட்டு முதற்சில்லின் வாசலில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரிடம் செய்தி சேராது.

ஆராய்ச்சியை டிவைஸ் மேனேஜர் என்னும் பகுதியில் தொடங்குவதே முறை. தொடக்கப் பொத்தானின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்தால் அப்பெயர் பட்டியலில் தோன்றும். அதில் டிஸ்பிளே அடாப்டர்ஸ் என்னும் வரியை விரித்தால் இரண்டு சில்லுகளின் பெயர்களும் இருக்க வேண்டும். ஒரு பெயரின்மேல் மஞ்சள் முக்கோணம் இருந்தால் அச்சில்லின் இயக்கியிலோ சில்லிலோ குறை உள்ளது. மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்ற பெயர் இருந்தால், உரிய இயக்கி நிறுவப்படவில்லை என்று பொருள். அந்நிலையில் மைன்கிராஃப்ட், இயக்கி ஓப்பன்ஜிஎல்லை ஆதரிப்பதாகத் தெரியவில்லை என்று கூறி, 65542 என்னும் பிழை எண்ணைக் காட்டுவது வழக்கம். தனிச் சில்லின் பெயரே காணப்படாவிட்டாலும் உடனே அஞ்ச வேண்டியதில்லை. மின்சிக்கன முறையில் தனிச் சில்லை முற்றிலும் அணைத்துவிடும் வசதி சில மடிக்கணினிகளில் உண்டு. உற்பத்தியாளர் தந்த கட்டுப்பாட்டு நிரலில் அம்முறையை மாற்றி, கணினியை மீண்டும் தொடங்கினால் பெயர் திரும்பிவரும்.

இயக்கி இல்லையெனில் அதை மடிக்கணினி உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்தோ சில்லு உற்பத்தியாளரின் இணையதளத்திலிருந்தோ பெற வேண்டும். எல்லா இயக்கிகளையும் இலவசமாகப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் நிரல்களை நாடக்கூடாது. அவற்றுள் சில, வேண்டாத மென்பொருள்களையும் உடன் கொண்டுவந்து இறக்கிவிடும். இரண்டு சில்லுகளுக்கும் இயக்கி தேவை என்பதையும் மறத்தலாகாது. தனிச் சில்லின் இயக்கியை மட்டும் புதுப்பித்துவிட்டு மற்றதைப் பல்லாண்டு பழையதாக விட்டுவைப்பது பரவலாகக் காணப்படும் பிழை.

அடுத்தது ஒதுக்கீடு. விண்டோஸ் 10-இன் 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் புதுப்பிப்பு முதல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் என்னும் வரிசையில் சென்றால் ஒவ்வொரு நிரலுக்கும் எந்தச் சில்லு என்று குறிக்க இயலும். ஜாவாடபிள்யூ கோப்பைச் சேர்த்து, அதற்கு ஹை பெர்ஃபாமன்ஸ் என்பதைத் தெரிவு செய்து சேமிக்க வேண்டும். விளையாட்டு திறந்துவிட்டால் எஃப்3 விசையை அழுத்திப் பார்க்கலாம்; சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். திரையின் வலப்புறத்தில், விளையாட்டை வரைந்துகொண்டிருக்கும் சில்லின் பெயரே எழுதப்பட்டிருக்கும். ஊகத்துக்கு அங்கே இடமில்லை. பிற விளையாட்டுகளுக்கு டாஸ்க் மேனேஜர் உதவும். அதில் ஜிபியு 0, ஜிபியு 1 எனச் சில்லுகள் எண்ணிட்டுக் காட்டப்படும். பெரும்பாலும் 0 என்பது ஒருங்கிணைந்தது, 1 என்பது தனியானது.

விளையாட்டு திறந்த வேகத்தில் மூடிக்கொண்டால், ஜாவா சில சமயம் அதன் கோப்புறையில் ஒரு பிழைப் பதிவுக் கோப்பை விட்டுச் செல்லும். அதன் தொடக்கப் பகுதியில், எந்தக் கோப்பில் ஓட்டம் முறிந்தது என்ற குறிப்பு இருக்கும். அக்கோப்பின் பெயர் ஐ, ஜி என்னும் ஆங்கில எழுத்துகளில் தொடங்கினால் இண்டெல் இயக்கி. என், வி எனத் தொடங்கினால் என்வீடியா. ஏ, டி, ஐ, ஓ எனத் தொடங்கினால் ஏஎம்டி. நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்டு மலைக்காமல் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்தாலே எந்த இயக்கியைக் கவனிக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

ஒருங்கிணைந்த சில்லை முடக்கிவிட்டால் விளையாட்டு தானாகத் தனிச் சில்லிடம் போய்விடும் என்று சிலர் அறிவுரை கூறுவர். ஆப்டிமஸ் முறையில் இது கிளையின் நுனியில் அமர்ந்து அடியை வெட்டுவதாகும். திரைக்குச் செல்லும் வழியே அச்சில்லின் வழியாகத்தான் உள்ளது. அதை முடக்கினால் திரை குறைந்த தெளிவுக்கு இறங்கும். தனிச் சில்லு வரைந்த படம் திரையைச் சேர வழியிராது. திரையை நேரடியாகத் தனிச் சில்லோடு இணைக்கும் மாற்றுவிசை அமைந்த மடிக்கணினிகளும் உள்ளன. அவற்றில் உற்பத்தியாளரின் நிரல் வழியாகவே மாற்ற வேண்டும்.

சில்லுகளோடு தொடர்பற்ற காரணங்களும் உண்டு. வட்டில் இடமின்மை, பாதியில் நின்ற பதிவிறக்கம், விளையாட்டில் கூடுதலாகச் சேர்த்த மாற்றுக் கோப்புகள் ஆகியவையும் தொடக்கத்தைத் தடுக்கும். இவற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இயக்கி, ஒதுக்கீடு, விளையாட்டின் பதிப்பு மூன்றையும் ஒருசேர மாற்றினால், விளையாட்டு திறந்தாலும் எது குணப்படுத்தியது என்று தெரியாது. திறக்காவிட்டால் எதைத் திருப்பி அமைப்பது என்றும் தெரியாது. ஒரு தாளில் நேரத்தோடு குறித்துக்கொண்டே போவது நலம்.

இத்தனைக்குப் பின்னும் தனிச் சில்லின்மேல் மஞ்சள் முக்கோணம் நீங்காமல், குறியீடு 43 என்ற குறிப்போடு நின்றால் சில்லே பழுதாகியிருக்கக்கூடும். அப்போது கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்துவிட்டு, உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதா என்று பார்த்து, குறிப்புத் தாளுடன் பழுதுநீக்கும் நிலையத்துக்குச் செல்லலாம். பழுது நீங்கும் வரையிலும் அந்தக் கணினி பயனற்றதாகிவிடாது. ஒருங்கிணைந்த சில்லு அண்மைக்காலத்தது என்றால், காட்சித் தொலைவையும் நிழல்களையும் குறைத்து வைத்து மைன்கிராஃப்டை அதிலேயே ஆடலாம்.