வீட்டுக்குள் ஒரு சமுத்திரம்

சென்னைக் கடற்கரையில் 1909-ஆம் வருஷம் ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. சென்னைப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் என்பவருடைய முயற்சியால் எழுந்த அந்தச் சிறு கட்டடத்தில், கண்ணாடிக்கு அப்பால் கடல் மீன்கள் உயிரோடு உலாவுவதை ஜனங்கள் கண்டு வியந்தார்கள். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. காட்சிசாலை போயிற்றே தவிர, அந்தக் காட்சியில் நமக்கிருந்த ஆசை போகவில்லை. இன்று தம் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கடல் தொட்டி வைக்கலாமா என்று கேட்கும் கிருஹஸ்தர்கள் பலர். தாராளமாய் வைக்கலாம். ஆனால் அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும், அதில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்னும் மூன்றையும் அறிந்த பிறகே பணப்பையை அவிழ்க்க வேண்டும்.

நன்னீரில் மீன் வளர்ப்பதற்கும் கடல் நீரில் வளர்ப்பதற்கும் பெருத்த வித்தியாசம் உண்டு. குளத்து மீன், கோடையில் நீர் வற்றுவதையும் மாரியில் புது வெள்ளம் புகுவதையும் கண்டு பழகியது. பவளத் திட்டில் பிறந்த பிராணியோ, நீரின் குணம் அதிகம் மாறாத இடத்தில் வாழ்வது. உப்பு சிறிது கூடினாலும், சூடு சிறிது ஏறினாலும் அது தத்தளிக்கும். ஆகையால் கடல் தொட்டி வைப்பவர் முதலில் நீரைப் பேணக் கற்க வேண்டும். நீர் நன்றாயிருந்தால் மீன் நன்றாயிருக்கும்.

சிறிய தொட்டியானால் தொல்லையும் சிறிது என்று எண்ணுவதே புதியவர்கள் செய்யும் முதற் பிசகு. நீர் குறைவாயிருந்தால் ஒரு சிறு தவறும் விரைவில் விஷமாகிவிடும். 3 அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஆரம்பத்துக்கு ஏற்றது. அது ஏறக்குறைய 190 லிட்டர் நீர் கொள்ளும். நீரும் கல்லும் கண்ணாடியுமாகச் சேர்ந்து 200 கிலோவுக்கு மேல் நிறுக்கும் ஆதலால், பழைய மேஜையின் மீது வைத்துவிடக் கூடாது. உறுதியான தனிப் பீடம் அவசியம்.

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அவ்வளவுதானே, சமையலறை உப்பையே கரைத்து ஊற்றினால் என்ன என்று தோன்றும். உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பாத்தியில் கடல் நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து ஜிப்சமாக முன்னதாகவே படிந்துவிடுகிறது. பிறகு உப்பு படிகிறது. மக்னீஷியச் சத்துக்களோ கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. ஆகவே நாம் உண்ணும் உப்பு, கடலின் ஒரு பகுதியே. எல்லாச் சத்துக்களையும் உரிய அளவில் கலந்து இதற்கென்றே விற்கும் உப்பை வாங்கி, வடிகட்டிச் சுத்தம் செய்த நீரில் கரைக்க வேண்டும். மேற்கூறிய தொட்டிக்கு ஏறக்குறைய 7 கிலோ செல்லும். குழாய் நீரை அப்படியே உபயோகித்தால் அதிலுள்ள குளோரின் தீங்கு செய்யும். செம்பு கலந்திருந்தாலோ இறால், நண்டு முதலியவை மடிந்துபோம். நீரின் ஒப்படர்த்தி 1.025 என்ற அளவில் நிற்கிறதா என்று கருவியிட்டுப் பார்த்துக்கொள்வது முறை.

இனி, கல்லின் விஷயம். 1961-ஆம் வருஷத்தில், இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரத்தில் வாழ்ந்த லீ சின் எங் என்ற சீன வமிசத்தவர் தம் முறையை ஒரு பத்திரிகையில் எழுதி வெளியிட்டார். கடலிலிருந்து உயிர் நிறைந்த கற்களைக் கொணர்ந்து தொட்டியில் அடுக்கி, காற்றுக் குமிழிகளை விட்டால், நீர் தானாகவே சுத்தமாயிருக்கும் என்பது அவர் கண்ட உண்மை. காரணம், அக்கல்லின் நுண்ணிய துவாரங்களில் வாழும் பாக்டீரியாக்கள். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரை அழுகுவதிலிருந்தும் அம்மோனியா என்ற விஷம் தோன்றுகிறது. ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, அதுவும் விஷமே. மற்றொருவகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது; இது மிகுந்தாலன்றித் தீங்கு செய்யாது. புதுத் தொட்டியில் இந்தச் சேனை பெருகிக் குடியேற 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. அதுவரையில் மீன் எதையும் விடாமல், ஒரு சிட்டிகை இரையை மட்டும் இட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பின் அடியோடு மறைகின்றனவா என்று பரிசோதனைத் திராவகத்தால் பார்த்துவர வேண்டும்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இதே பாடத்தைப் பலகையில் எழுதிக் கற்பிக்கும் நானே, முதல் முறை அதை மீறினேன். விற்றவர் மூன்று நாள் போதும் என்றார். என் மனம் கேட்க விரும்பியதும் அதுவே. நான்காம் நாள் இரண்டு மீன்களை விட்டேன். மறுநாள் அவை நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. ஏழாம் நாள் இரண்டும் மாண்டு மிதந்தன. என் பெண் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பா, கடலிலேயே விட்டிருந்தால் இவை பிழைத்திருக்கும் அல்லவா?" என்று கேட்டாள். ஆசிரியனிடம் அன்று விடை இல்லை.

குழந்தையின் அந்தக் கேள்வியைத் தொட்டி வைக்க விரும்பும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். மீனைக் காட்டிலும் பவளத்தின் விஷயத்தில் அது இன்னும் முக்கியமாகிறது. பவளம் கல்லுமன்று, செடியுமன்று. சுண்ணாம்பினால் தனக்குத் தானே வீடு கட்டிக்கொள்ளும் சிறு பிராணி. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியால் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. கடல் மிதமிஞ்சிச் சூடானால் பவளம் பாசியை இழந்து வெளுத்துப் பட்டினியாகிறது. நமது மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் இத்தகைய வெளுப்பு நேர்ந்தது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் பன்னெடுங்காலம் பவளத்தை வெட்டியெடுத்ததன் பயனாக, அலையைத் தடுக்கும் அரண் அழிந்து, பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. அந்நியன் வந்து கொள்ளையிட்டான் என்று வரலாற்றில் படிக்கும் நாம், நம் கடலை நாமே கொள்ளையிட்ட கதை இது.

1986-ஆம் வருஷம் அத்தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசீயப் பூங்காவாக்கப்பட்டது. 2001-ஆம் வருஷத்தில் கல் பவளங்களும் கடற்குதிரைகளும் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு எவ்வளவு காவலோ அவ்வளவு காவல் பவளத்துக்கும் உண்டு. ஆகையால் எவரேனும் ஒரு துண்டை இரகசியமாய்க் கொணர்ந்து விற்க முன்வந்தால், எவ்வளவு அழகாயிருப்பினும் கையால் தொடலாகாது.

பவளமின்றிப் பவளத் தொட்டியா என்று சிலர் சிரிக்கலாம். லீ சின் எங் கடலிலிருந்து எடுத்த கல்லுக்குப் பதிலாக, துவாரங்கள் நிறைந்த சுட்ட செயற்கைக் கற்கள் இப்போது கிடைக்கின்றன. பாக்டீரியாக்கள் இவற்றிலும் மகிழ்ச்சியாகவே குடியேறுகின்றன. சில மாதங்களில் அக்கற்களின்மேல் நிறநிறமான பாசி படர்ந்துவிடும். மீன்களிலோ, கோமாளி மீனைப் போன்ற தொட்டி மீன் வேறில்லை. 1947-இல் தோன்றிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதைப் பொரிப்பகத்திலேயே முட்டையிடச் செய்து வளர்த்து வெற்றி கண்டிருக்கிறார்கள். கடலிலிருந்து பிடிக்காமல் பொரிப்பகத்தில் பிறந்ததுதானா என்று கேட்டு, ரசீதுடன் வாங்குங்கள். ஒரு ஜோடி போதும். இம்மீன்கள் யாவும் முதலில் ஆணாய் இருந்து, ஜோடியில் பெரியது பெண்ணாக மாறும். முட்டைகளை விசிறிக் காப்பது பெரும்பாலும் தகப்பனே!

நித்திய கர்மங்கள் சில உண்டு. தொட்டியில் ஆவியாய்ப் போவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்குச் சுத்தமான நன்னீரையே வார்க்க வேண்டும். உப்பு நீரை வார்த்தால் நாளுக்கு நாள் உப்பேறும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை இறைத்துவிட்டு, புதிதாய்க் கரைத்த உப்பு நீரை ஊற்றுவது நலம். சோறு பொங்கும்போது அழுக்கை நுரை மேலே தள்ளுவதைப்போல, நுரை பிரிக்கும் கருவி கழிவைத் தள்ளிவிடும். சூடு 25 அல்லது 26 டிகிரியில் நிற்க வேண்டும்; நம் ஊர்க் கோடையில் மின்விசிறி போதாவிடில் குளிர்விக்கும் யந்திரம் தேவைப்படும். மின்சாரம் நின்றால் நீரில் பிராணவாயு குறையும் ஆதலால், பாட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று கைவசம் இருக்கட்டும். இவற்றுக்கு ஆகும் செலவைத் தாங்க இயலாதவர்கள் நன்னீர் மீனோடு திருப்தியடைவதே உத்தமம்.

இரண்டாம் முறை நாங்கள் ஆறு வாரம் வெறுங்கல்லையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தோம். வந்து பார்த்த விருந்தினர்கள் மீன் எங்கே என்று கேட்டார்கள். என் பெண், "இன்னும் வீடு ஆயத்தமாகவில்லை" என்று பதில் சொன்னாள். பொரிப்பகத்தில் பிறந்த இரண்டு கோமாளி மீன்கள் இப்போது அங்கே வாழ்ந்து வருகின்றன. தினந்தோறும் காலையில் கண்ணாடியில் இட்ட கோட்டைப் பார்த்து, குறைந்த அளவுக்கு நன்னீர் வார்ப்பவள் அவளே. கடலுக்கு நாம் பட்ட கடனை அந்தச் சிறு குவளை நீர் தீர்த்துவிடாது. ஆனாலும் அதற்கு மேல் கடன்படாமல் இருக்க அவள் கற்றுக்கொண்டாள்.