பி.எம். கிஸான் பெயரால் வரும் பொய்ச் செயலி

ஜவ்வாது மலைக் குடியானவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிய வேண்டியது யாதெனில்: 2019-ம் வருஷம் தொடங்கிய பி.எம். கிஸான் திட்டத்தில் வருஷத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாகப் பாங்கிக் கணக்கிலேயே சேர்கிறது. இதன் பெயரால் மோசக்காரர் வாட்ஸப்பில் ஏ.பி.கே. கோப்பு அனுப்புகின்றனர். அதைக் கைப்பேசியில் பதித்து, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டால், பாங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண் நாம் சொல்லாமலே அவர்களிடம் போய்ச் சேரும். ஒருவரிடமும் எண்ணைச் சொல்லவில்லையே என்று பலர் திகைப்பது இதனாலேயே. தெரிந்தவர் பெயரில் வந்தாலும் நம்பலாகாது. பிடிபட்ட கைப்பேசியிலிருந்தே அது பிறருக்கும் பரவக்கூடும். தவணை விவரத்தைப் பொதுச் சேவை மையத்தில் கேட்டறிக. தவறிப் பதித்தவர் உடனே இணையத் தொடர்பைத் துண்டித்து, வேறு கைப்பேசியிலிருந்து 1930 என்னும் எண்ணுக்கும் பாங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் கைமாறுவதற்குள் தெரிவித்தால் நிறுத்தி வைக்க இடமுண்டு. சந்தை நாளில் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பது கூடாது.