நெஞ்சை விரிப்பது எது?



காற்று உள்ளே புகுவதனால் நெஞ்சு விரிகின்றது என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். நடப்பதோ நேர்மாறானது. நெஞ்சு விரிவதனாலேயே காற்று உள்ளே வருகின்றது. சுவாசப்பையிடம் தன்னைத் தானே விரித்துக்கொள்ளும் தசை கிடையாது.

அவ்வேலையைச் செய்வது பிரிமென்றகடு. நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் இடையே, பள்ளிவாசல் குப்பாவைப் போல் மேல்நோக்கி வளைந்திருக்கும் தசைத் தகடு அது. மூளையின் கட்டளை கழுத்திலிருந்து இறங்கும் நரம்பு வழியே எட்டியதும், அது சுருங்கித் தட்டையாகி 1 முதல் 2 சென்றிமீற்றர் வரை கீழிறங்குகின்றது. விலா என்புகளுக்கிடையிலுள்ள தசைகள் விலாக்களை உயர்த்துகின்றன. உள்ளே இடம் பெருகி அமுக்கம் குறைய, சுமார் 500 மில்லிலீற்றர் காற்று தானே உட்புகுகின்றது. உறங்கும் குழந்தையின் வயிறு எழுவதும் இதனால்தான். வயிற்றுக்குள் காற்றுப் போவதில்லை.

அமைதியாக மூச்சு விடுகையில் எத்தசையும் உழைப்பதில்லை. இழுத்துவிட்ட இறப்பர் போல் சுவாசப்பை சுருங்கிக்கொள்கின்றது. பாங்கு சொல்லும் முஅத்தினின் நிலை வேறு. அவர் குரலை நீட்டும்போது, காற்று விரைந்து வெளியேறாதவாறு மூச்சிழுக்கும் தசைகளே முதலில் தடுத்து நிற்கின்றன. பின்னர் வயிற்றுத் தசைகள் இறுகி எஞ்சியதைத் தள்ளுகின்றன.

பெற்றோர்களே, இனிக் கூறுவதைச் சற்று ஊன்றிக் கவனியுங்கள். தொய்விலோ நியூமோனியாவிலோ காற்று உட்செல்வது கடினமாகும்போது, இத்தசைகள் வழமையை மீறி இழுக்கின்றன. சிறு பிள்ளையின் நெஞ்சுக்கூடு மென்மையானது. ஆதலால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்நோக்கிக் குழிகின்றது, மூக்குத் துவாரம் விரிகின்றது. சட்டையைக் கழற்றிப் பாருங்கள். பிள்ளை அழாதிருக்கையில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 2 முதல் 12 மாதக் குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேலும் இருப்பின் அது வேகமான மூச்சு. உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

குழிவு தென்பட்டால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஓதிப் பார்ப்பதற்காக எம்மிடம் கொண்டுவரவும் வேண்டாம். துஆவை வழியிலும் கேட்கலாம். மற்றொன்று: மூச்சுத் திணறிய பிள்ளை திடீரென அடங்கிச் சோர்ந்துவிட்டால், சுகமாகிவிட்டது என மகிழ்ந்துவிடாதீர்கள். தசைகள் களைத்துக் கைவிடும் வேளையும் அவ்வாறே தோன்றும். உடனே 1990ஐ அழையுங்கள்; சுவசெரிய அம்பியூலன்ஸுக்குக் கட்டணம் இல்லை.