கிணத்துல முங்கிப் பழகினவரா நீங்க? மட்டக்களப்புக் கடலடியில ஒரு போர்க்கால எண்ணெய்க் கப்பல் இருக்கு!

ராயகிரி மாதிரி மலையடிவார ஊர்க்காரங்களுக்கு நீச்சல்னா அது கிணறுதான். அடிமண்ணை அள்ளிட்டு வர்ற பந்தயத்துல முங்கும்போது, பாதி ஆழத்துலயே காது வலிக்குமே... ஞாபகம் இருக்கா? அந்த வலி ஏன் வருதுனு தெரிஞ்சா, 'ரெக் டைவிங்' பாதி புரிஞ்ச மாதிரி. மூழ்கிப்போன கப்பல்களை ஸ்கூபா கருவிகளோட போய்ப் பார்க்கிறதுதான் ரெக் டைவிங். அதுக்கு நமக்குப் பக்கத்துலயே ஓர் இடம் இருக்கு: இலங்கையின் மட்டக்களப்பு.

1942, ஏப்ரல் 9

இரண்டாம் உலகப்போர் நேரம். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திரிகோணமலைத் துறைமுகம். அதே நாளில், மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் சிக்கியது. விமானந்தாங்கினு பேர்தான், அன்னிக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள்.

அதே தாக்குதலில் மூழ்கியதுதான் 'பிரிட்டிஷ் சார்ஜென்ட்' என்ற எண்ணெய்க் கப்பல். இரண்டாக உடைந்து, இன்றும் கடலடியில் கிடக்கிறது.

டைவர்கள் ஏன் இதைத் தேடிப் போறாங்க?

ஹெர்மிஸ்தான் புகழ்பெற்ற கப்பல். ஆனா, அது 50 மீட்டருக்கும் கீழே இருக்கு. எண்ணெய்க் கப்பல் இருப்பது சுமார் 24 மீட்டரில். இந்த வித்தியாசம்தான் எல்லாமே.

தண்ணிக்குள்ள ஒவ்வொரு 10 மீட்டருக்கும், நாம தரையில உணர்ற காற்றழுத்தம் அளவுக்கு இன்னொரு மடங்கு அழுத்தம் கூடும். கிணத்துல காது வலிச்சது இதனாலதான். ஆழம் கூடக்கூட சிலிண்டர் காற்று சீக்கிரம் தீரும். நைட்ரஜன் உடம்புக்குள்ள அதிகமா கரையும். அவசரமா மேலே வந்தா, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது ரத்தத்துல குமிழி விடும். உயிருக்கே ஆபத்து.

அதனால ஆழத்துக்கு ஏத்த பயிற்சி வேணும். ஆரம்பநிலைச் சான்றிதழுக்கு 18 மீட்டர்; அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். ஆக, எண்ணெய்க் கப்பலை இரண்டாம் நிலைப் பயிற்சி முடிச்சவங்க பார்க்கலாம். ஹெர்மிஸுக்குத் தனி தொழில்நுட்பப் பயிற்சி கட்டாயம்.

இரும்புக்குள்ள ஒரு மீன் ஊர்

மணல் தரையில் மீன் ஒளிய இடம் கிடையாது. அங்கே ஒரு கப்பல் விழுந்தால், இரும்பில் பவளமும் பாசியும் ஒட்டும். சின்ன மீன்கள் குடியேறும். அதைத் தேடி களவா, பாரை எல்லாம் வரும். மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் கடலடித் திட்டு போலவே ஆகிவிடும். நம்ம கடற்கரையில மீன் பெருக கான்கிரீட் பார்களை இறக்குறதும் இதே கணக்குலதான்.

ரசிகர்களாலயே சிதையுமா?

சிதையும். செங்கடலில் 1941 அக்டோபரில் ஜெர்மன் குண்டுவீச்சில் மூழ்கிய 'திசில்கார்ம்' சரக்குக் கப்பலைப் பாருங்க. பைக், லாரி, பூட்ஸ் என்று ராணுவச் சரக்கோடு மூழ்கிய அது, இன்று உலகின் பிரபலமான டைவிங் இடங்களில் ஒன்று. அந்தப் புகழே வினையானது. படகுகள் கப்பலிலேயே கயிறு கட்டியதில் பாகங்கள் பெயர்ந்தன. ஞாபகார்த்தம் என்று சிலர் பொருட்களை எடுத்துப் போனார்கள்.

யுனெஸ்கோவின் 2001 ஒப்பந்தம், 100 வருஷமாவது நீருக்கடியில் இருந்தவற்றைத்தான் பாரம்பரியச் சின்னமாகக் கணக்கில் எடுக்கிறது. மட்டக்களப்புக் கப்பல்களுக்கு அந்த வயசு வர 2042 ஆகும். அதுவரை முக்கியமான காவல், போறவங்களோட மனசாட்சிதான்.

போறதா இருந்தா...

* வடகிழக்குப் பருவமழையில் கடல் கொந்தளிக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை நல்ல சீசன்.
* சளி, ஆஸ்துமா இருந்தா டாக்டரைக் கேட்காம இறங்காதீங்க.
* டைவிங் முடிஞ்ச அன்னிக்கே ஃப்ளைட் வேண்டாம். ஒருநாள் இடைவெளி விடுங்க.
* தனிப்பயிற்சி இல்லாம கப்பலுக்குள்ள நுழையாதீங்க.
* போட்டோ எடுங்க, ஒரு ஆணியைக்கூட எடுக்காதீங்க. ஹெர்மிஸ் பலருக்குக் கல்லறையும்கூட.

கிணத்துல அடிமண்ணை அள்ளிட்டு வந்தாத்தான் ஜெயிப்பு. இங்கே வெறுங்கையோட வந்தாத்தான் ஜெயிப்பு!